போலிஷ் தொடங்குகிறவர்களுக்கு: ஆப், புத்தகம், ஆசிரியர் – எதை எதில் படிப்பது?

ஜெர்மன் படிக்க வேண்டும் என்றால் நுங்கம்பாக்கத்தில் மேக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ். போலந்து நாட்டு மொழியான போலிஷுக்குச் சென்னையில் அப்படி ஓர் இடம் கிடையாது. போலந்து அரசின் பண்பாட்டு மையம் டெல்லியில் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் போலிஷ் சொல்லித்தருகிறார்கள். காலடிப்பேட்டையிலோ கொடுங்கையூரிலோ இருந்துகொண்டு போலிஷ் தொடங்க நினைப்பவருக்கு மிஞ்சுவது ஐந்து வழிகள்: போனில் ஆப், போலந்தில் அச்சான பாடநூல், ஆன்லைனில் தனி ஆசிரியர், வேலை வாங்கித்தரும் ஏஜெண்ட் சேர்த்துக் கொடுக்கும் 'லாங்குவேஜ் கோர்ஸ்', அப்புறம் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம்.

என்னிடம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் பலவிதம். எண்ணூர், மணலி பக்கம் வெல்டிங், ஃபிட்டிங் தெரிந்த தம்பிகள். பெரம்பூரிலிருந்து மேல்படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகள். கணவர் முன்னால் போய்விட, குழந்தையோடு பின்னால் கிளம்பும் பெண்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: இந்த ஐந்தில் எது? பலர் விலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இலவசம் என்பதால் ஆப், ஏற்கெனவே கட்டிய பணத்தில் அடங்கிவிடுகிறது என்பதால் ஏஜெண்ட் வகுப்பு.

நான் பார்க்கச் சொல்வது வேறு. தமிழ் பேசுகிறவருக்குப் போலிஷில் எது சுலபமாகப் பிடிபடும், எது யாராவது எதிரில் இருந்து திருத்தினால்தான் வரும்? இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சுலபமாகப் பிடிபடுவதற்கு ஒரு புத்தகம் போதும். திருத்த வேண்டியதற்கு ஆள் வேண்டும். கையில் இருக்கும் காசை அந்த இடத்தில்தான் போட வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஆசிரியருக்குக் காசு கொடுத்து இலக்கண அட்டவணையை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள், உச்சரிப்பை ஆப்பிடம் விட்டுவிடுகிறார்கள்.

இலக்கணம்: பயமுறுத்தும் பகுதி நமக்குத் தெரிந்த பகுதி

போலிஷ் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது 'ஏழு வேற்றுமை, உலகத்திலேயே கஷ்டமான மொழி' என்ற பேச்சு. அதைச் சொல்பவர்கள் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் கணக்கில் போலிஷுக்கு 44 வாரம், அதாவது 1100 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அதே பட்டியலில், அதே பிரிவில், அதே 1100 மணி நேரத்தோடு தமிழும் இருக்கிறது. அவர்கள் கஷ்டம் என்று சொல்வதில் ஒரு பெரிய பங்கை நாம் பேசப் பழகும்போதே கடந்துவிட்டோம்.

நமக்கு எட்டு வேற்றுமை. 'வீடு' என்ற சொல் வீட்டை, வீட்டால், வீட்டுக்கு, வீட்டில் என்று மாறும்போது யாரும் யோசிப்பதில்லை. போலிஷிலும் சொல்லின் வால்தான் மாறுகிறது. காபிக்கு அவர்கள் சொல்வது 'காவா'. 'என்னிடம் காபி இருக்கிறது' என்றால் 'மாம் காவெ'. 'காபியோடு' என்றால் 'ஸ் காவோன்'. வால் மாறினால் பொருள் மாறும் என்பதே ஆங்கிலேயருக்குப் புது விஷயம். நமக்கு அது பழக்கம். எந்த வால் என்பதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

மூன்றாம் வேற்றுமையைப் பாருங்கள். நம் இலக்கணத்தில் 'ஆல்', 'ஒடு' இரண்டையும் ஒரே வேற்றுமையில்தான் வைத்திருக்கிறார்கள்: பேனாவால் எழுதினேன், தம்பியோடு போனேன். இரண்டும் எப்படி ஒரே வேற்றுமை என்று பள்ளிக்கூடத்தில் பலர் குழம்பியிருப்பார்கள். போலிஷிலும் அதே இணைப்பு. பேனாவால் எழுதுகிறேன் என்பது 'பிஷெ த்வுகோபிஸெம்'. தம்பியோடு என்பது 'ஸ் ப்ராதெம்'. இரண்டிலும் வால் 'எம்'. 'ஓடு' என்ற பொருளில் வரும்போது மட்டும் முன்னால் 'ஸ்' என்ற சிறு சொல் சேர்கிறது. பஸ்ஸில் போவதற்கும் இதே வால்: 'அவுதோபுஸெம்'. நாம் பஸ்ஸில் என்று சொல்வோம். அவர்கள் பஸ்ஸால் போகிறார்கள். 'நான் வெல்டர்' என்பதற்கும் இதே வால்தான்: 'யெஸ்தெம் ஸ்பாவாச்செம்'. இதை 'நான் வெல்டராக இருக்கிறேன்' என்று மனதில் வைத்துக்கொண்டால் அந்த வால் ஏன் வருகிறது என்ற குழப்பம் வராது.

விளி வேற்றுமையும் அவர்களிடம் உண்டு. ஒருவரைப் பற்றிப் பேசும்போது 'பான்', அதாவது ஐயா. கூப்பிடும்போது 'பானியெ'. மகன் என்பது மகனே ஆவது போலத்தான்.

இன்னும் சில சலுகைகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் நம்மைப் படுத்தும் 'ஏ', 'தி' போலிஷில் இல்லவே இல்லை. 'வந்தேன்' என்றாலே 'நான்' அதில் அடங்கிவிடுவது போல அவர்களும் வினைச்சொல்லின் வாலிலேயே ஆளைச் சொல்லிவிடுகிறார்கள். மேலே சொன்ன 'மாம்' என்பதற்கே 'என்னிடம் இருக்கிறது' என்ற முழுப் பொருளும் உண்டு. மரியாதையும் அப்படித்தான். தெரியாத ஆளிடம் 'நீ' என்று பேச மாட்டார்கள். ஆணிடம் 'பான்', பெண்ணிடம் 'பானி' என்று சொல்லி வினையைப் படர்க்கையில் வைப்பார்கள். கடைக்கு வந்தவரிடம் நாம் 'சார் என்ன சாப்பிடுறார்?' என்று கேட்பதே அந்த அமைப்புதான்.

நமக்குப் புதிதாக இருக்கும் விதிகளில் இரண்டை இங்கே சொல்கிறேன். ஒன்று, 'இல்லை' வந்தால் செயப்படுபொருளின் வாலும் மாறும். 'மாம் காவெ' என்பது காபி இருக்கிறது. 'ஞெ மாம் காவி' என்பது காபி இல்லை. இன்னொன்று எண். இரண்டு, மூன்று, நான்கு காபிக்கு ஒரு வால், ஐந்திலிருந்து வேறு. 'த்வியெ காவி' என்றால் இரண்டு காபி. 'பியென்ச் காஃப்' என்றால் ஐந்து காபி. இவை எல்லாம் அட்டவணை பார்த்து, பத்துப் பதினைந்து வாக்கியம் எழுதிப் பார்த்தால் பிடிபடுகிற விஷயங்கள். வீட்டில் உட்கார்ந்து செய்யலாம். இதற்கு மணிக்கணக்கில் யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஒலி: இங்கேதான் ஆள் வேண்டும்

போலிஷில் 'காஸா' என்றால் பணம் கட்டும் கவுண்டர். 'காஷா' என்றால் வேகவைத்துச் சாப்பிடும் ஒரு தானியம். அதே 'காஷா'வை இன்னும் மெல்லியதாக, நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்துக்குத் தூக்கிச் சொன்னால் அது ஒரு பெண்ணின் பெயர். இந்த மூன்றையும் போலந்துக்காரர் ஒருவர் வேகமாகச் சொன்னால் முதல் தடவையில் நம் காது இரண்டைத்தான் பிரிக்கும். கடைசி இரண்டும் ஒன்றாகவே கேட்கும். காது பிரிக்காததை வாய் எப்படிப் பிரிக்கும்?

அந்த இரண்டில் முதலாவது, நாக்கு நுனியைக் கொஞ்சம் பின்னால் வைத்துச் சொல்லும் கெட்டியான 'ஷ'. நாம் 'கஷ்டம்' என்று சொல்லும் 'ஷ'வுக்குப் பக்கத்தில் வரும். இரண்டாவதில் நாக்கு நுனி கீழே, கீழ்ப்பற்களுக்குப் பின்னால் ஓய்வாக இருக்கும். நாக்கின் உடல் மேலே எழும்பும். 'பச்சை' என்று மெதுவாகச் சொல்லி, 'ச்ச'வில் நாக்கு எங்கே ஒட்டுகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தில் ஒட்டாமல் காற்றை மட்டும் விட்டால் அந்த மெல்லிய ஒலி கிடைக்கும். இப்படி எழுத்தில் விளக்கலாம். நீங்கள் சொன்னது சரியா என்று எதிரில் கேட்கிற ஒருவர்தான் சொல்ல முடியும்.

அடுத்தது க-ச-ட-த-ப. தமிழில் 'ப' ஓர் எழுத்து. இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். போலிஷில் அழுத்தமான ஒலியும் அதிரும் ஒலியும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள். குடிப்பதற்கு ஒரு சொல், அடிப்பதற்கு ஒரு சொல். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'பிச்'. முதலாவது 'பல்' என்பதன் 'ப'. இரண்டாவது 'பஸ்' என்பதன் 'ப'. கோழியும் மலையும் அப்படியே, நம் நோட்டில் இரண்டும் 'குரா' ஆகிவிடும். அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: போலிஷ் சொற்களை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் எழுதியிருக்கிறேன். அவர்களுடைய எழுத்து 32தான். பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம், அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ஒரு வாரம் உட்கார்ந்தால் வாசிக்க வந்துவிடும். எல் எழுத்தின் குறுக்கே கோடு போட்டிருந்தால் அது 'வ்'. ஆங்கிலத்தில் உதட்டைக் குவித்துச் சொல்லும் 'வ'. சி எழுத்து 'த்ஸ்'. ஜே எழுத்து 'ய'. கொஞ்சம் விசித்திரமாகத் தெரிந்தாலும் விதி மாறாது.

நமக்குச் சாதகமான ஒலிகளும் இருக்கின்றன. 'ஞ' போலிஷில் அப்படியே உண்டு; 'இல்லை' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ஞெ' நம் ஞாயிறு, ஞானத்தின் ஒலிதான். 'த'வும் அப்படி. ஆங்கிலம் படித்த பழக்கத்தில் நாம் 'டாக்', 'டோப்ரி' என்று படிப்போம். அவர்கள் நாக்கு பல்லில்தான் படுகிறது: 'தாக்' (ஆமாம்), 'தோப்ரி' (நல்ல). ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழ் 'த'வைப் போட்டாலே நல்ல உச்சரிப்பு.

பிரச்சினை மெய்க்கூட்டத்தில் வருகிறது. தமிழில் சொல் இரண்டு மெய்யோடு தொடங்காது; அதனால்தான் எங்கள் பக்கத்தில் 'இஸ்கூல்', 'இஸ்டேசன்' என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்கிறோம். நம் வாய்க்கு அது இயல்பு. போலிஷில் மன்னிப்புக் கேட்கும் சொல்லே 'ப்ஷெப்ராஷாம்'. முன்னால் 'இ' சேர்க்காமல் உதட்டை மூடித் திறக்கும்போதே 'ஷ்'ஷை விட வேண்டும். 'ஷ்செச்சின்' என்று ஒரு துறைமுக ஊரே இருக்கிறது. அந்த ஊருக்கு வேலைக்குப் போகிறவருக்கு ஊர்ப்பெயரைச் சொல்லவாவது வாய் பழகியிருக்க வேண்டும். செந்தமிழும் நாப்பழக்கம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இது கூச்சப்படாமல் உரக்கச் சொல்லிச் சொல்லி வருவது.

ஒலியோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பால். தமிழில் மேசைக்கும் புத்தகத்துக்கும் ஆண், பெண் கிடையாது. போலிஷில் மேசை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் இரண்டும் இல்லாதது. புதிய மேசை 'நோவி ஸ்துவ்', புதிய புத்தகம் 'நோவா க்ஷோன்ஷ்கா', புதிய ஜன்னல் 'நோவெ ஒக்னோ'. சொல் 'ஆ'வில் முடிந்தால் பெரும்பாலும் பெண், 'ஒ'வில் முடிந்தால் அஃறிணை போல, மெய்யில் முடிந்தால் ஆண் என்ற விதி முக்கால்வாசி இடத்தில் கைகொடுக்கும். 'நான் இருந்தேன்' என்று சொல்வதிலேயே ஆண் 'பிவெம்' என்பார், பெண் 'பிவாம்' என்பார். விதி புத்தகத்தில் இருக்கிறது. பேசும்போது தானாக வர, தப்பாகச் சொன்ன நொடியில் ஒருவர் நிறுத்தித் திருத்த வேண்டும். பெண் கற்கிறார், ஆசிரியர் ஆண் என்றால் கவனமாக இருங்கள். அவர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லி ஆண்பாலிலேயே பழகிவிடுகிறார்கள்.

இப்போது ஐந்து வழிகளும்

ஆப். டுவோலிங்கோவில் போலிஷ் இருக்கிறது, ஆங்கிலம் வழியாக. சொற்களைக் கண்ணுக்குப் பழக்க நல்லது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்குவதற்குள் ஒரு பாடத்தைத் திருப்பிப் பார்த்துவிடலாம். ஆனால் அதையே முதல் ஆசிரியராக வைத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கிலம் வழியாகப் படிக்கும்போது நமக்குச் சுலபமான வேற்றுமையை ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து தமிழுக்கு மாற்றிச் சுற்றிக்கொண்டு வருகிறோம். பேசும் பயிற்சியில் கிட்டத்தட்டச் சொன்னாலே 'சரி' என்று பச்சை விழுந்துவிடுகிறது. காஷா இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். மேலாளரிடம் பேச வேண்டிய மரியாதை வடிவத்துக்கும் அங்கே போதிய பழக்கம் கிடைப்பதில்லை. துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். 'போல்ஸ்கி இன்ஃபோ' என்று இலவசமான இணையதளம் ஒன்று இருக்கிறது. அது பாடவரிசையாக, ஒலியோடு, உரையாடல்களோடு போகிறது. இலவசமாகத்தான் தொடங்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

பாடநூல். போலந்தில் வெளிநாட்டவருக்காக எழுதும் பாடநூல்கள் பல முழுக்கப் போலிஷிலேயே இருக்கும். முதல் பக்கத்தைத் திறந்தால் கலக்கமாக இருக்கும்; படமும் ஒலிப்பதிவும் வைத்து ஓட்டிவிடலாம். தனியாகப் படிக்கிறவர் ஆங்கில விளக்கம் உள்ள புத்தகத்தை எடுப்பது நல்லது. ஆசிரியர் இருக்கிறார் என்றால் போலிஷிலேயே இருப்பதை எடுங்கள். எதை எடுத்தாலும் ஒலிப்பதிவு கூட வர வேண்டும். இலக்கணத்துக்கு என் பரிந்துரை புத்தகம்தான். அட்டவணைக்குப் பக்கத்தில் பென்சிலால் தமிழ் வேற்றுமை உருபை எழுதிக்கொள்ளுங்கள்: ஐ, ஆல்-ஒடு, கு, இல். ஆங்கிலத்தில் இதற்குக் கொடுத்திருக்கும் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இது சீக்கிரம் ஏறும்.

தனி ஆசிரியர். செலவு இதில்தான். நான் வாதாடுவதும் இதற்காகத்தான். முதல் மாதம் முழுக்கவும் உச்சரிப்புக்கும் பேச்சுக்கும் மட்டும் ஆசிரியரை வைத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரமோ இரண்டோ, கட்டுப்படியாகிற அளவு. கேட்க வேண்டியது: 'எனக்கு இலக்கணம் நடத்த வேண்டாம், நான் வாசிக்கிறேன், ஒவ்வொரு தப்பையும் நிறுத்தித் திருத்துங்கள்.' ஒரு மணி நேரத்தில் பாதியாவது உங்கள் குரல் கேட்க வேண்டும். அவரே பேசிக்கொண்டு போனால் அது ஒலிப்பதிவைக் கேட்பதற்குச் சமம்.

போலந்துக்காரரா, போலிஷ் தெரிந்த இந்தியரா என்றும் கேட்கிறார்கள். ஒலி பழகும் மாதத்துக்குப் போலந்துக்காரர்தான். பின்னால், வேற்றுமை, வினைமுற்று என்று சிக்கும்போது நம் மொழி தெரிந்தவர் ஒரு வரியில் தீர்த்துவிடுவார். வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் படித்த ஒருவர் கிடைத்தால் அரைமணி தமிழுக்கு அரைமணி போலிஷ் என்று மாற்றிக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் செலவில்லை. இந்தப் போக்குவரத்து பழையது. வாந்தா தினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி, இந்தியாவில் உமாதேவி என்று அறியப்பட்டவர், 1944இல் போலந்தில் பிறந்த மோரிஸ் ஃப்ரிட்மனோடு சேர்ந்து போலிஷ்-இந்திய நூலகம் என்ற வெளியீட்டு வரிசையைத் தொடங்கினார். பகவத் கீதை உட்பட அதன் போலிஷ் நூல்கள் நம் மெட்ராஸிலிருந்து வெளிவந்தன. போலிஷ் எழுத்துகள் இந்த ஊருக்குப் புதிதல்ல என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

நேரத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போலந்து நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. அவர்களுக்குச் சாயங்காலம் 6 மணி என்றால் நமக்கு இரவு ஒன்பதரையோ பத்தரையோ. அவர்களுக்குக் காலை 8 என்றால் நமக்குப் பதினொன்றரை அல்லது பன்னிரண்டரை. நைட் ஷிஃப்ட் பார்க்கிறவருக்குப் பகல் வகுப்பு வசதி. மற்றவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரம் வகுப்பைத் தவறவிடாதீர்கள். நம் பக்கத்து வீடுகளில் இரவு பத்து மணிக்கு 'ப்ஷெப்ராஷாம்' என்று உரக்கச் சொல்ல இடம் இருக்காது, தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். மொட்டை மாடி நல்ல இடம். பகலில் உட்கார்ந்து படிக்க மட்டும் இடம் வேண்டும் என்றால் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது.

ஏஜெண்ட் வகுப்பு. எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துச் சொல்லவில்லை, நேர்மையாக நடத்துகிறவர்களும் இருக்கலாம். நான் பார்த்த வரைக்கும் அது ஒரு பிடிஎஃப், ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு எழுதிய நூறு வாக்கியம், முப்பது பேரை ஒரே அறையில் உட்காரவைத்துக் கோரஸாகச் சொல்லச் சொல்லும் சில வகுப்புகள். முப்பது பேர் சேர்ந்து சொல்லும்போது யார் தப்பாகச் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. 'மூன்றே வாரத்தில் பேசலாம்' என்று தனியாகக் கட்டணம் கேட்டால் அந்தப் பணத்தை எடுத்துத் தனி ஆசிரியரிடம் சில மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே அந்த ஏஜெண்டின் பெயர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் உரிமம் பெற்றவர் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மொழியைவிட அது முக்கியம்.

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது. இதை நம்பிப் போன பலர் வருஷக்கணக்கில் 'ஜெஞ் தோப்ரி', அதாவது வணக்கம், என்பதோடு நிற்கிறார்கள். தங்கும் அறையில் நம் ஊர்க்காரர்கள், வேலையில் கையைக் காட்டிப் பேச்சு, கடையில் ஸ்கேன் செய்து பணம் கட்டிவிட்டு வெளியே. மொழி காதில் விழுந்துகொண்டே இருக்கும், உள்ளே போகாது. தங்கும் அனுமதிக்கான விண்ணப்பத்தைப் போலிஷில்தான் நிரப்ப வேண்டும். அதற்குக் கூட ஒவ்வொரு முறையும் யாரையாவது தேடிப் போகிறார்கள். பல வருஷம் இருந்து குடியுரிமை கேட்கும்போது பி1 எனப்படும் நடுத்தர நிலை மொழிச் சான்று வேண்டும். போய்க் கற்பதில் ஒரு நல்ல வழி உண்டு, அது மாணவர்களுக்கு. வூச் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்குப் போலிஷ் சொல்லித்தரும் மையம் இருக்கிறது. ஒரு வருஷம் மொழி படித்துவிட்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். ஆங்கில வழியில் சேர்கிற பிள்ளைகளுக்கும் நான் சொல்வது, இங்கேயே எழுத்தும் ஒலியும் முடித்துவிட்டுப் போங்கள். அங்கே முதல் மாதம் அறை தேடவும் வங்கிக்கணக்குத் தொடங்கவுமே ஓடிவிடும்.

யார் எதை எடுப்பது

துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கிடங்கு என்று போகிற தம்பிக்கு இலக்கணம் இரண்டாம் பட்சம். அவருக்குக் காதும் எச்சரிக்கைப் பலகையும். 'உவாகா' என்றால் கவனம். உள்ளே போகும் வழி 'வெய்ஷ்செ', வெளியே போகும் வழி 'விய்ஷ்செ'. ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். தீப்பிடித்த நேரத்தில் அந்த ஓர் எழுத்தைக் கண்ணும் காதும் தப்பாமல் பிடிக்க வேண்டும். இடது 'லெவோ', வலது 'ப்ராவோ'. தீயணைப்பான் 'காஷ்னித்ஸா'. எண்கள் நூறு வரைக்கும், கேட்டவுடன் எழுதுகிற அளவுக்கு. 'ஞெ ரோஸுமியெம்', புரியவில்லை என்பதைத் தயங்காமல் சொல்லப் பழக வேண்டும். புரியாமலே 'தாக், தாக்' என்று தலையாட்டுவது நம் பிள்ளைகளிடம் இருக்கும் ஆபத்தான பழக்கம், வெல்டிங் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் செய்யக் கூடாது. அவருடைய காசு முழுக்க ஆசிரியரிடம் போகட்டும். பாடநூலை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.

படிக்கப் போகிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கும். முதல் மாதம் ஆசிரியர், அப்புறம் புத்தகமும் தமிழ் வேற்றுமையும் வைத்து அவர்களே நடத்திக்கொள்ளலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆசிரியரிடம் வாசித்துக் காட்டினால் போதும்.

குழந்தையோடு போகிற பெண்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கணவருக்கு வேலையிடம் இருக்கிறது, குழந்தைக்குப் பள்ளி இருக்கிறது, இருவருக்கும் பழக ஆட்கள் கிடைப்பார்கள். வீட்டில் இருக்கிறவருக்குப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். 'நான் ஏன் படிக்க வேண்டும், அவர் பார்த்துக்கொள்வார்' என்று இங்கே சொல்பவர் அங்கே டாக்டரிடம் போகக்கூட அவருக்கு லீவு கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதாகிறது. விசாவுக்காகக் காத்திருக்கும் மாதங்களிலேயே தொடங்கிவிடுங்கள் தங்கச்சி. ஆசிரியர் பெண்ணாக இருந்தால் நல்லது, பெண்பால் வடிவங்கள் கேட்டுக் கேட்டே வந்துவிடும். பாடநூல் வரிசைப்படி போக வேண்டாம். மருந்துக்கடை, குழந்தையின் டீச்சர், பக்கத்து வீட்டுப் பாட்டி, பஸ் டிரைவர் என்று நான்கு பேரிடம் பேச வேண்டியதை முதலில் எழுதிக் கொடுங்கள், ஆசிரியர் அதை வைத்தே பாடம் நடத்துவார். 'குழந்தைக்குக் காய்ச்சல்' என்பதை முதல் வகுப்பிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணவர் இல்லாத நாளில் டாக்டரிடம் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.